இணையதளத்தைப் புதுப்பிக்கும் வேளை வந்துவிட்டது என்று எப்போது உணர்ந்தீர்கள்? உறுப்பினர்களின் அனுபவங்கள்

கும்பகோணம், பாத்திரக் கடை

எங்கள் கடையின் இணையதளம் 2014-இல் செய்யப்பட்டது. பார்க்கும் இளைஞர்கள் எல்லாரும் பழசாகிவிட்டது என்கிறார்கள்; என் கண்ணுக்கு நன்றாகத்தான் இருக்கிறது. புதிதாகச் செய்து தருவதாக வாரம் ஒருவர் அழைத்து, ஆளுக்கொரு விலை சொல்கிறார். விற்க வருபவர்களின் பேச்சு இருக்கட்டும். இந்தச் செலவைச் செய்து முடித்தவர்கள் எதைக் கண்டு துணிந்தீர்கள் என்பதை அறிய விரும்புகிறேன்.

கரூர், வீட்டு உபயோகத் துணி ஏற்றுமதி

நாங்களாகக் கண்டுபிடிக்கவில்லை ஐயா, பிறர் சொல்லித்தான் தெரிந்தது. எங்கள் தளம் 2009-இல் என் தந்தையார் முன்னின்று செய்வித்தது. திறந்தவுடன் திரையில் ஒரு தறி ஓடும்; ஊடை நூல் இடமும் வலமுமாகப் பாய்ந்து பாய்ந்து எங்கள் நிறுவனத்தின் பெயரை நெய்து முடிக்கும். அலுவலகத்துக்கு வரும் பையர்களை, அதாவது எங்களிடம் கொள்முதல் செய்பவர்களை, உட்கார வைத்து, தேநீர் வருவதற்குள் அதைப் போட்டுக் காட்டுவது அவருடைய வழக்கம். அது முழுக்க முழுக்க ஃப்ளாஷ் என்ற அசைபட மென்பொருளில் செய்யப்பட்டது. ஐபோனில் ஃப்ளாஷ் ஒருநாளும் ஓடியதில்லை என்பதும், 2020 டிசம்பர் 31-உடன் அதைக் கைவிடப்போவதாக அடோபி நிறுவனம் 2017-ஆம் ஆண்டிலேயே அறிவித்துவிட்டது என்பதும் எங்கள் காதில் விழவே இல்லை. 2021 ஜனவரி 12 முதல் ஃப்ளாஷ் நின்றுபோனது. எங்கள் தறியும் நின்றுபோனது.

மார்ச் மாதத்தில் ஜெர்மனியிலிருந்து பழைய பையர் ஒருவர், பெருந்தொற்றுக்குப் பிறகு தொழிற்சாலை இயங்குகிறதா என்று மிகவும் நாசூக்காக விசாரித்து எழுதியிருந்தார். கூடவே ஒரு படத்தையும் இணைத்திருந்தார். வெள்ளைத் திரை, அதன் நடுவே சாம்பல் நிறப் பெட்டி, கீழே எங்கள் முகவரி, வேறொன்றும் இல்லை. இரண்டு மாதமாக வாசலில் பூட்டுத் தொங்கியிருக்கிறது, உள்ளே வேலை செய்த பதினெட்டுப் பேரில் ஒருவர்கூட அதைப் பார்க்கவில்லை. விசிட்டிங் கார்டில் முகவரியை அச்சடித்ததோடு சரி. எங்கள் தளத்தை நாங்களே திறந்து பார்க்கும் வழக்கம் எங்களுக்கு இல்லை.

ஆனால் இப்போது யோசித்தால், அறிகுறி அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தெரிந்திருக்கிறது. துணியில் தீங்கான ரசாயனம் இல்லை என்பதற்கான ஓக்கோ-டெக்ஸ் சான்றிதழை அனுப்புங்கள், குறைந்தபட்ச ஆர்டர் எத்தனை உருப்படி, சாம்பிள் எத்தனை நாளில் வரும் என்று ஒரே கேள்விகளைக் கேட்டு வாரந்தோறும் கடிதங்கள் வந்துகொண்டே இருந்தன. பையர்களுக்குத் தேடிப் படிக்கச் சோம்பல் என்று நாங்கள் எண்ணிக்கொண்டோம்; தேடினாலும் கிடைக்காத இடத்தில் அவை இருந்தன என்பது உறைக்கவில்லை. புதிய தளத்தில் அந்த மூன்றும் முதல் பக்கத்திலேயே இருக்கின்றன. தறியை மட்டும் தந்தையார் விட்டுக்கொடுக்க மறுத்தார்; நிறுவனத்தைப் பற்றிய பக்கத்தில் அசையாத ஒரு புகைப்படமாக அது இன்னும் இருக்கிறது.

சென்னை, பதிப்பகம்

எங்கள் தளத்தின் நோய் தமிழுக்கே உரியது. 2002-இல் தொடங்கியபோது, எல்லா மொழிகளுக்கும் பொதுவான யூனிகோடு என்ற ஒருங்குறி பரவலாகவில்லை. ஆளுக்கொரு குறியாக்கம் இருந்த காலம். எழுத்துருவைத் தளத்தோடு சேர்த்து அனுப்பும் ஏற்பாட்டைச் செய்து தந்தார்கள். அது இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் மட்டுமே வேலை செய்தது. வாசகர்கள் ஃபயர்ஃபாக்ஸுக்கும் குரோமுக்கும் மாறிய பிறகு, எங்கள் புத்தகப் பட்டியல் அவர்களுக்கு வெறும் கிறுக்கலாகத் தெரிந்தது. நாங்களோ எழுத்துரு நிறுவிய கணினியில் பழைய உலாவியிலேயே பார்த்துக்கொண்டிருந்ததால், குறை சொன்னவர்களுக்கெல்லாம் எழுத்துருவை இறக்கிக்கொள்ளும்படி பதில் எழுதினோம். தமிழக அரசு 2010-இல் ஒருங்குறியை ஏற்று ஆணை பிறப்பித்த பிறகும் எங்களுக்குச் சுரணை வரவில்லை. நாங்களே வெளியிட்ட ஒரு நூலின் பெயரைக் கூகுளில் தேடியபோது வேறு மூன்று கடைகளின் பக்கங்கள் வந்து, எங்களுடையது வராமல் போன அன்றுதான் விழித்துக்கொண்டோம்.

கரூர் நண்பர் சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன்: வடிவமைப்பு ஒரு மாதத்தில் முடிந்தது, உள்ளடக்கத்தைச் சரிசெய்யத்தான் ஓராண்டு ஆயிற்று. பழைய குறியாக்கத்தை ஒருங்குறியாக்கும் மாற்றி மென்பொருள் கொம்பையும் காலையும் ஓரளவு ஒழுங்காகவே இடம் மாற்றியது. ஆனால் அந்நாளில் தட்டச்சு செய்தவர்கள் துணைக்காலுக்குப் பதில் ரகரத்தையும், ஔகாரத்துக்குப் பதில் ஒகரத்தையும் ளகரத்தையும் அடுத்தடுத்துப் போட்டிருந்தார்கள். கண்ணுக்கு வேறுபாடு தெரியாது, கணினிக்குத் தெரியும். புதிய தளம் திறந்த வாரத்தில் ஓர் ஆசிரியை ஔவையார் என்று தேடியிருக்கிறார். எங்களிடம் நான்கு நூல்கள் இருந்தும் ஒன்றும் இல்லை என்று தளம் பதில் சொல்லியிருக்கிறது. அவர் தொலைபேசியில் அழைத்திராவிட்டால் அதுவும் தெரிந்திருக்காது.

கோயம்புத்தூர், வடிவமைப்பாளர்

இந்தத் தொழிலில் இருந்துகொண்டு இதைச் சொல்வது எனக்கு நட்டந்தான். என்றாலும், புதிய தளம் வேண்டும் என்று வருபவர்களில் பலருக்கு அது தேவையில்லை. வெட் கிரைண்டர் செய்யும் ஒருவர், போட்டியாளரின் தளம் புதிதாகிவிட்டதென்றும் தமக்கு விசாரணையே வருவதில்லையென்றும் சொல்லி வந்தார். விசாரணைப் படிவத்தில் நானே என் பெயரை இட்டு அனுப்பிப் பார்த்தேன், அவருக்கு வரவில்லை. வேலையை விட்டுப் போன ஊழியர் ஒருவரின் மின்னஞ்சலுக்கு அவை எட்டு மாதங்களாகப் போய்க்கொண்டிருந்தன. முகவரியை மாற்றப் பத்து நிமிடம் ஆயிற்று. அதற்குப் பணம் வாங்க மனம் வரவில்லை. அவர் ஒரு கிரைண்டரை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்.

மாற்றியே ஆகவேண்டிய இடங்களும் உண்டு. சாதாரண கைபேசியை எடுத்துக்கொண்டு காந்திபுரம் பேருந்து நிலையத்தில் நின்று தளத்தைத் திறந்து பாருங்கள். பக்கத்தின் முக்கியமான பகுதி இரண்டரை நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவு; பத்து நொடி ஆகிறது, எழுத்தைப் படிக்க இரண்டு விரலால் இழுத்துப் பெரிதாக்க வேண்டியிருக்கிறது, அழைப்பு எண்ணைத் தொட்டால் அழைப்பு போகவில்லை என்றால் ஒட்டுப்போட்டுப் பயனில்லை. முகவரிக்குப் பக்கத்தில் பாதுகாப்பற்றது என்ற சொல் தெரிந்தால் மட்டும் அவசரப்பட வேண்டாம். குரோம் உலாவி 2018 ஜூலையிலிருந்து இப்படிக் காட்டுகிறது. அதற்கு வேண்டியது இணைப்பைப் பாதுகாக்கும் ஒரு சான்றிதழ், புதிய தளம் அன்று.

என் தவறு ஒன்றையும் ஒப்புக்கொள்கிறேன். ஒரு வாடிக்கையாளரின் தளத்தை அழகாக மாற்றிக் கொடுத்தபோது, பழைய பக்க முகவரிகளைப் புதியவற்றுக்குத் திருப்பிவிடும் 301 வழிமாற்றத்தைச் செய்ய மறந்துவிட்டேன். அவருடைய அட்டைப் பெட்டிகள் ஆயிரக்கணக்கில் அச்சாகிக் கிடங்கில் இருந்தன. ஒவ்வொன்றிலும் பழைய முகவரிக்குச் செல்லும் கியூஆர் குறி. பொருளை வாங்கியவர்கள் வீட்டில் கைபேசியில் குறியைக் காட்டினால், பக்கம் இல்லை என்று பொருள்படும் 404 வந்தது. பெரிய நிறுவனங்களுக்கும் இந்த அடி விழுந்திருக்கிறது. பிரிட்டனின் மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் 15 கோடி பவுண்டு செலவில் 2014 பிப்ரவரியில் புதிய தளத்தைத் திறந்தது. பழைய வாடிக்கையாளர்கள் மறுபடியும் பதிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. அடுத்த நிதியாண்டின் முதல் காலாண்டில் இணையவழி விற்பனை 8.1 சதவீதம் சரிந்தது.

கும்பகோணம், பாத்திரக் கடை

எல்லாருக்கும் நன்றி. கரூர் நண்பர் எழுதியதைப் படித்த பிறகு, கடையில் தொலைபேசி எடுக்கும் பெண்ணிடம் ஒரு நோட்டைக் கொடுத்து, ஒரு வாரம் யார் என்ன கேட்டாலும் எழுதி வைக்கச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை கடை உண்டா என்று பதினொரு பேர். குத்துவிளக்கு மூன்றடியில் என்ன எடை வரும் என்று ஒன்பது பேர். பெரிய கடைத்தெருக் கிளை எங்கே இருக்கிறது என்று நான்கு பேர். அந்தக் கிளையை நாங்கள் மூடி ஆறு ஆண்டு ஆகிறது, தளத்தில் மட்டும் இன்னும் திறந்திருக்கிறது. விளக்குகளின் உயரத்தையும் எடையையும் பட்டியலாகப் போட முடியுமா என்று பழைய தளத்தைச் செய்தவரைக் கேட்டேன். அந்தப் பக்கத்தில் படமும் ஒரு வரியும் தவிர வேறெதையும் சேர்க்க வழியில்லை என்று சொல்லிவிட்டார். ஞாயிறு விடுமுறை என்பதையும் கிளை மூடியதையும் அன்றே திருத்தச் சொல்லிவிட்டேன். விளக்குகளுக்காகத்தான் இனிப் புதிய தளத்துக்கு விலை விசாரிக்க வேண்டும்.