உபரி மீன்குஞ்சு விற்ற பணம் எங்கே போக வேண்டும்? அமெரிக்க சால்மன் விதிகள் பற்றி ஒரு விளக்கம் தேவை

காவேரிப்பட்டினம் ஏரிக்கரை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓர் உள்நாட்டு மீனவர் கூட்டுறவுச் சங்கத்தின் நிர்வாகக் குழுவில் நான் இருக்கிறேன். கட்லா, ரோகு, மிர்கால் நுண்குஞ்சுகளை வாங்கி, எங்கள் நாற்றங்கால் குளத்தில் விரலளவுக்கு வளர்த்து ஏரியில் விடுகிறோம். மழை நன்றாகப் பெய்து குஞ்சுகளும் நன்றாகப் பிழைத்துவிட்டால் ஏரிக்குத் தேவையானது போக மிச்சம் நின்றுவிடும். அந்த மிச்சத்தைப் பண்ணைக்குட்டை வைத்திருக்கும் விவசாயிகளுக்கு விற்கிறோம். அந்தப் பணத்தை உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு சாராரும், குளத்துக்கும் ஏரிக்குமே செலவிட வேண்டும் என்று இன்னொரு சாராரும் கூறி வருவதால், துணைவிதியில் இதைத் தெளிவாக எழுதிவிடலாம் என்று குழு எண்ணுகிறது.

அமெரிக்காவில் குஞ்சுப் பொரிப்பகங்களுக்குத் திரும்பி வரும் சால்மன் மீன்களில் உபரியானவற்றை விற்பதற்கும், அந்தப் பணத்தைச் செலவிடுவதற்கும் மாநில அரசுகள் சட்டமே இயற்றியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அங்கே உபரி என்பதை யார் தீர்மானிக்கிறார்கள், விற்ற பணம் யாருக்குச் சேருகிறது, அதை எதற்கெல்லாம் செலவிடலாம் என்பதை அறிந்தவர்கள் விளக்கினால் எங்கள் வரைவுக்குப் பெரிதும் உதவும்.

பாலக்கோட்டிலிருந்து சியாட்டில்

வணக்கம் அண்ணா. நான் வசிக்கும் வாஷிங்டன் மாநிலத்தில் நடப்பதை முதலில் சொல்கிறேன்.

நம் கெண்டை மீனுக்கும் சால்மனுக்கும் ஓர் அடிப்படை வேறுபாடு உண்டு. பொரிப்பகத்தில் பிறந்து ஆற்றில் விடப்படும் சால்மன் குஞ்சு கடலுக்குப் போய்ச் சில ஆண்டுகள் வளர்ந்து, முட்டையிடுவதற்காகத் தான் விடப்பட்ட அதே ஓடைக்குத் திரும்புகிறது. பசிபிக் சால்மன் இனங்கள் ஒரே முறை இனப்பெருக்கம் செய்து இறந்துவிடும். ஆகவே திரும்பி வந்த மீனைப் பாதுகாத்து அடுத்த ஆண்டுக்கு வைத்துக்கொள்ள வழியே இல்லை. இலையுதிர் காலத்தில் இங்குள்ள ஒரு பொரிப்பகத்துக்குப் போனால், மீன்கள் படிப்படியான நீர்த்தொட்டிகளில் தாவி ஏறி உள்ளே வருவதைக் காணலாம். வந்த மீனின் முதுகில் வாலுக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டிய சிறு கொழுப்புத் துடுப்பு வெட்டப்பட்டிருக்கிறதா என்று பணியாளர் தடவிப் பார்க்கிறார். வெட்டப்பட்டிருந்தால் அது பொரிப்பகத்து மீன். சினை முற்றிய பெண்மீனின் வயிற்றைக் கொக்கி போன்ற சிறு கத்தியால் கீறியதும், செம்மஞ்சள் நிற முட்டைகள் வாளியில் கொட்டுகின்றன. சினூக் இனத்தில் ஒரு தாய்மீனிடமிருந்து ஏறத்தாழ 3000 முதல் 5000 முட்டைகள் வரை கிடைக்கும். ஆகவே தேவையான முட்டைகள் சேர்ந்த பிறகும் மீன்கள் வந்துகொண்டே இருந்தால் அவை உபரியாகின்றன. அவற்றை எல்லாம் ஆற்றின் மேற்பகுதிக்கு விட்டுவிடவும் முடியாது. பொரிப்பகத்து மீன்கள் அளவுக்கு மீறிக் காட்டு மீன்களோடு கலந்தால் காட்டு மீன்களின் மரபுத்திறன் குன்றும் என்பதே இதற்குக் காரணம்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதற்கு வருகிறேன். வாஷிங்டன் மாநிலச் சட்டத் தொகுப்பின் 77.95ஆம் அத்தியாயத்தில் இதற்கான பிரிவுகள் உள்ளன. உபரி சால்மன் முட்டைகளை நியாயமான கட்டணத்துக்கு மாநில மீன்வளத் துறை வழங்கலாம் என்று அனுமதிக்கும் பிரிவே, முட்டை விற்பதற்காக வேண்டுமென்றே உபரியை உண்டாக்கக் கூடாது என்றும் தடுக்கிறது. அது மட்டுமன்றி, மாநில நீர்நிலைகளில் மீன்வளத்தைப் பெருக்கவோ மீட்கவோ பயன்படக்கூடிய முட்டைகளை விற்பனைக்கு எடுக்கலாகாது. அந்தப் பணிகளுக்குப் பொருந்தாத மீன் கூட்டங்களின் முட்டைகளை மட்டுமே, எழுத்துமூலம் கேட்டவருக்கு விற்கலாம். என்னைக் கேட்டால், உங்கள் துணைவிதியில் முதலில் இடம்பெற வேண்டியது இந்தத் தடைதான். விற்பனையில் வருமானம் வரத் தொடங்கியதும், ஏரிக்குப் போக வேண்டிய குஞ்சையும் மிச்சம் என்று கணக்கில் எழுதத் தோன்றும்.

அடுத்தது பணம். இங்கே 14 வட்டார மீன்வளப் பெருக்கக் குழுக்கள் இருக்கின்றன. இவை தன்னார்வலர்களைக் கொண்ட, இலாப நோக்கமற்ற அமைப்புகள். இக்குழுக்களின் பொரிப்பு வசதிகளுக்குத் திரும்பி வரும் சால்மனின் உடலையும் முட்டையையும் துறை விற்றால், அந்த வருவாய் இதற்கென்று அமைக்கப்பட்ட தனிக் கணக்கில் செலுத்தப்பட்டு, எந்தக் குழு அந்த உபரியை உண்டாக்கியதோ அந்தக் குழுவின் பயன்பாட்டுக்கே ஒதுக்கப்பட வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. பணம் குழுவின் கைக்கு வந்தாலும் உறுப்பினர்கள் பங்கிட்டுக்கொள்ள முடியாது. ஓடைகளைச் சீரமைத்தல், மீன் வளர்த்து விடுதல் முதலிய மீன்வளப் பணிகளுக்கே அது செலவாக வேண்டும்.

எல்லா உபரியும் விற்கப்படுவதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உண்ணத்தக்க மீன்கள் பழங்குடி மக்களுக்கும் உணவு வங்கிகளுக்கும் போகின்றன. முட்டை எடுத்து முடிந்த உடல்களில் ஒரு பகுதி, நோய்ச் சோதனைக்குப் பின் ஓடைகளிலேயே போடப்பட்டு அங்குள்ள உயிர்களுக்குச் சத்தாகிறது. எம்.எஸ்.222 என்ற மயக்க மருந்து கொடுக்கப்பட்ட மீனை 21 நாட்கள் கழியும் முன் உணவுக்குத் தரக் கூடாது என்பதால், அத்தகைய மீன்கள் உணவுக் கணக்கிலேயே சேராது.

ஓசூர் வழக்கறிஞர்

மேலே கூறப்பட்ட விளக்கத்துடன் அலாஸ்காவின் முறையையும் சேர்த்துப் படிப்பது நல்லது. உங்கள் சங்கத்தின் நிலைக்கு அதுவே அதிகம் பொருந்துகிறது.

1970களின் தொடக்கத்தில் அங்கே சால்மன் பிடிப்பு மிகவும் வீழ்ந்திருந்த காலத்தில், 1974இல் இலாப நோக்கமற்ற தனியார் அமைப்புகள் பொரிப்பகம் நடத்தச் சட்டம் வழிசெய்தது. பொரிப்பகத்திலிருந்து விடப்பட்ட மீன் இயற்கை நீரில் இருக்கும்வரை பொதுச் சொத்து. எந்த மீனவரும் விதிகளுக்கு உட்பட்டு அதைப் பிடிக்கலாம். பொரிப்பகத்துக்கென்று துறை குறித்துக் கொடுத்த எல்லைக்குள் அது திரும்பிய பிறகுதான் நடத்துபவர் அதைப் பிடித்து விற்கலாம். விற்ற பணத்தை நடைமுறைச் செலவு, கடன் அடைத்தல், வசதிகளை விரிவாக்குதல், சால்மன் வளத்தை மீட்கும் திட்டங்கள், மீன்வள ஆராய்ச்சி, பொரிப்பகம் இருக்கும் பகுதிக்கான வட்டார மீன்வளச் சங்கத்தின் செலவு ஆகியவற்றுக்குப் பயன்படுத்தலாம். இவற்றுக்குப் பின்னும் பணம் எஞ்சினால், அதை அந்த வட்டாரச் சங்கத்தின் பிற மீன்வளப் பணிகளுக்குச் செலவிட வேண்டும்.

இங்கே அரசமைப்புச் சட்டத்தையும் கவனிக்க வேண்டும். அலாஸ்காவின் அரசமைப்பு, மாநில வரியையும் உரிமக் கட்டணத்தையும் ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்கென்று முன்கூட்டியே ஒதுக்குவதைத் தடை செய்கிறது. பொரிப்பகம் நடத்துபவர் அரசு அல்லாத அமைப்பாக இருப்பதால், மீன் விற்ற பணம் கருவூலத்துக்குள் போகாமலேயே மீனுக்குச் செலவாகிறது. நம் நாட்டில் அரசு மீன்பண்ணை ஒன்று குஞ்சு விற்றுப் பெறும் வருவாய், அரசமைப்பின் 266ஆவது பிரிவின்படி மாநிலத்தின் தொகுப்பு நிதியில் சேர வேண்டும். அதிலிருந்து எடுத்துச் செலவிடச் சட்டமன்றத்தின் ஒப்புதல் வேண்டும். உங்கள் சங்கம் அரசுத் துறை அன்று. 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்துக்கும் உங்கள் துணைவிதிக்கும் உட்பட்டு உங்கள் வருவாயை நீங்களே கையாளலாம். ஆகவே சரியாக எழுதப்பட்ட ஒரு துணைவிதி உங்களிடம் உண்மையாகவே வேலை செய்யும். திருத்தத்தைப் பொதுப்பேரவையில் நிறைவேற்றிப் பதிவு செய்யும் வரை அது நடைமுறைக்கு வராது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

காவேரிப்பட்டினம் ஏரிக்கரை

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. உபரியை வேண்டுமென்றே உண்டாக்கக் கூடாது என்ற விதியை இன்று குழுவில் படித்துக் காட்டினேன். பணத்தைப் பங்கிட வேண்டும் என்று கூறியவர்களே அதை ஏற்றுக்கொண்டார்கள். இப்போது இரண்டு ஐயங்கள் எழுந்துள்ளன. மிச்சம் எவ்வளவு என்பதை எங்கள் குளத்தில் எப்படி அளப்பது? உறுப்பினர்களின் சொந்தக் குட்டைகளுக்கு விலையைக் குறைத்துக் கொடுக்கலாமா?

பென்னாகரம் (ஓய்வு பெற்ற மீன்வளப் பணியாளர்)

முதல் ஐயத்துக்கு நான் பதில் சொல்கிறேன் ஐயா. ஏரியின் நீர்ப்பரப்பை வைத்து எத்தனை குஞ்சு விட வேண்டும் என்பதைப் பருவம் தொடங்கும் முன்பே எழுதி, குழுவினர் கையொப்பமிட்டு வைத்துவிடுங்கள். அறுவடை நாளில் துளையிட்ட ஒரு சிறு கிண்ணத்தில் குஞ்சை அள்ளி, நீரை வடியவிட்டு, அந்த ஒரு கிண்ணத்தில் இருப்பதை ஒன்றொன்றாக எண்ணுங்கள். குஞ்சின் அளவு குளத்துக்குக் குளம் மாறும் என்பதால் ஒவ்வொரு குளத்துக்கும் புதிதாக எண்ண வேண்டும். அதன்பின் கிண்ணக் கணக்கிலேயே ஏரிக்கு உரியதை முதலில் விட்டு முடியுங்கள். அதற்குப் பிறகே ஆக்சிஜன் நிரப்பிய பாலித்தீன் பைகளில் விற்பனைக்குக் கட்ட வேண்டும். விற்பனையை முதலில் முடித்துவிட்டு மீதியை ஏரியில் விடும் வழக்கம் சில இடங்களில் உண்டு. அப்படிச் செய்தால் வலிவான குஞ்சுகள் பையிலும், சோர்ந்தவை ஏரியிலும் போய்ச் சேரும். நீங்கள் அதற்கு இடம் கொடுக்க வேண்டாம்.

ஓசூர் வழக்கறிஞர்

விலை பற்றி: பொரிப்பகத்துக்குத் திரும்பி, மனிதர் உணவுக்காக விற்கப்படும் மீன் அந்தப் பகுதியின் வணிக மீனவர் பிடிக்கும் மீனுக்கு ஒத்த தரத்தில் இருக்க வேண்டும் என்றும், நடப்புச் சந்தை விலைக்கு ஏற்றவாறு விற்கப்பட வேண்டும் என்றும் அலாஸ்கா சட்டம் கூறுகிறது. பொரிப்பகம் மலிவாக விற்று மீனவரின் பிழைப்பைக் கெடுத்துவிடாதபடி அந்த விதி காக்கிறது. உங்கள் வட்டாரத்திலும் நாற்றங்கால் வைத்துப் பிழைக்கும் சிறு வளர்ப்பாளர்கள் இருப்பார்கள். ஆகவே வெளியாருக்குச் சந்தை விலையை வைத்துக்கொள்ளுங்கள். உறுப்பினர்களுக்குச் சலுகை தருவதானால், அதன் அளவையும் ஒருவருக்கு எத்தனை குஞ்சு வரை என்ற வரம்பையும் துணைவிதியிலேயே எழுதிவிடுங்கள். வரைவு ஆயத்தமானதும் இங்கே பதிவிட்டால், பதிவுக்கு அனுப்பும் முன் நான் ஒரு முறை படித்துப் பார்த்துத் தருகிறேன்.