புதுப்பிப்பு: ஏற்காட்டு மானிட்டரில் தானாக வந்த மெனு நின்றது

ஏற்காட்டில் அம்மா வீட்டு மானிட்டரில் யாரும் தொடாமலே பிரைட்னஸ் மெனு வந்து வந்து போகிறது, என்ன செய்யலாம் என்று இரண்டு மாதம் முன்பு கேட்டிருந்தேன். இப்போது சரியாகிவிட்டது.

திரையை இயக்கும் டிரைவர் மென்பொருளை மாற்றச் சொன்னீர்கள். மாற்றினேன், பலனில்லை. ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பாருங்கள் என்று ஒருவர் சொன்னதுதான் வழிகாட்டியது. திரையில் மெனு நிற்கும்போதே எடுத்தேன்; படத்தில் அது இல்லை. அப்படியென்றால் அதை வரைவது விண்டோஸ் இல்லை, மானிட்டருக்குள் இருக்கும் சர்க்யூட். என் லேப்டாப்பில் மாட்டியும் அதே மெனு. நல்லவேளை, அம்மாவின் கம்ப்யூட்டரை அழித்து ஃபார்மட் செய்யவில்லை. அம்மாவின் பழைய படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

அப்புறம் மானிட்டரைச் சேலத்துக்கு எடுத்துவந்தேன். இங்கே வெயிலில் இரண்டு நாள் மெனு எட்டியே பார்க்கவில்லை! ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம்; மழைக்காலத்தில் ஜன்னலைத் திறந்தால் மேகம் வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். அஞ்சு ரோடு பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணன் கழற்றிக் காட்டினார்: மெனு பட்டனுக்கு அடியில் இருந்த குட்டி சுவிட்சில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. ஈரம் இரண்டு முனைகளையும் சேர்த்துவிட்டால், விரல் அழுத்தியதாகவே மானிட்டர் எடுத்துக்கொள்ளுமாம். சுவிட்சை மாற்றி, போர்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் கொடுத்தார்.

மூன்று வாரமாக மெனு வரவில்லை. மேசையை ஜன்னலோரத்திலிருந்து உள்சுவர்ப் பக்கம் நகர்த்திவிட்டேன். அம்மா மறுபடியும் தினமும் பேத்தியுடன் வீடியோவில் பேசுகிறார். வழி சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.