வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு அம்மா கூப்பிடுகிறார். போகலாமா?

கீபோர்டுக்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம் ஒரு கிராமம். சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பம். தாத்தா கோயில்பிள்ளையாக இருந்தவர், மணி அடிப்பது முதல் பெஞ்சு துடைப்பது வரை அவர் வேலை. நான் பத்தாம் வகுப்பிலிருந்து பாடகர் குழுவில் கீபோர்டு வாசித்தேன். நான் தன்பாலீர்ப்பு உள்ளவன். முதலில் அக்காவுக்குத்தான் தெரியும். போன வருடம் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

எங்கள் சபையில் கல்யாண ஓலையை, அதாவது யாருக்கும் யாருக்கும் கல்யாணம் என்ற அறிவிப்பை, மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். "தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கவும்" என்று ஐயர் (போதகரை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம்) சொன்னதும், கீபோர்டுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் என்னை நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். எந்தத் தடையும் சொல்ல அல்ல, "உனக்கு எப்போடே?" என்று கண்ணாலேயே கேட்க.

அம்மா விஷயத்தை ஜெபக்குழுவில் ஒரு அக்காவிடம் சொல்ல, அவர் ஓர் ஊழியக்காரரிடம் சொல்லியிருக்கிறார். எங்கள் சபைக்காரர் இல்லை, தனியாக ஊழியம் செய்கிறவர். அம்மா அழுததால் ஒரு தடவை போனேன். பாய் விரித்து உட்கார வைத்து, தலையில் எண்ணெய் ஊற்றி, இரண்டு பேர் என் கையைப் பிடித்து அமுக்கிக்கொள்ள, காதுக்குள் "வெளியே போ" என்று கத்தினார். எனக்குள் இருந்த எதுவும் வெளியே போகவில்லை. நான்தான் போனேன், அடுத்த நாள் காலை பஸ்ஸில். ஒலிவ எண்ணெய் என்றார்கள், வாசம் என்னவோ தேங்காய் எண்ணெய் வாசம்தான். தலையணை உறையில் ஏறியது துவைத்தும் போகவில்லை.

அதற்கப்புறம் சென்னையில் எந்தக் கோயிலுக்கும் போகவில்லை. ஆனால் ஜெபம் நிற்கவில்லை. ராத்திரி வண்டி ஓட்டும்போது பாமாலை தானாக வாய்க்கு வந்துவிடுகிறது. அதனால் கடவுள் இருக்கிறாரா இல்லையா என்பது என் பிரச்சினை இல்லை. என் பிரச்சினை பாவ அறிக்கை. முழங்காலில் நின்று கோபத்தைச் சொல்லத் தயார், பொய்யைச் சொல்லத் தயார், அப்பாவிடம் பேசாமல் இருந்ததைச் சொல்லத் தயார். இதையும் சேர்த்துச் சொன்னால் கடவுளிடமே பொய் சொன்னது போல இருக்கிறது. சேர்க்காவிட்டால் மறைத்தது போல இருக்கிறது. அப்படியிருக்க ஆராதனையில் அப்பமும் ரசமும் வாங்கும் திருவிருந்து எடுக்கலாமா?

அடுத்த மாதம் ஊருக்குப் போகிறேன். வெள்ளிக்கிழமை அதே ஊழியக்காரரின் உபவாச ஜெபத்துக்கு ஒரே ஒரு தடவை வா என்கிறார் அம்மா. இப்படி இருந்துகொண்டே விசுவாசத்தில் நிலைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

---

விழுப்புரம் அக்கா:

தம்பி, முதலில் வெள்ளிக்கிழமை விஷயம். போகாதே. அம்மா அழுதாலும் போகாதே. கையைப் பிடித்து அமுக்கினால் அதற்குப் பெயர் ஜெபம் இல்லை.

நான் திருநங்கை. எனக்கு எங்கள் ஊர்ப் பூசாரி வேப்பிலையால் அடித்து மந்திரித்தார், உனக்கு எண்ணெய். மதம்தான் வேறு.

சித்திரைப் பௌர்ணமிக்குக் கூவாகம் போவேன். களப்பலிக்கு முன்னால் அரவானுக்கு மனைவியாகக் கிருஷ்ணரே மோகினியாக வந்த கதைதான் அங்கே திருவிழா, நாங்கள் அந்த மோகினியாகத் தாலி கட்டிக்கொள்வோம். டிவியில் அழகிப் போட்டி மட்டும்தான் காட்டுவார்கள். தேருக்கு முந்தின ராத்திரி கூத்தாண்டவர் கோயிலில் பூசாரி கையால் தாலி வாங்கிக்கொண்டு விடிய விடிய கும்மியடிப்போம். மறுநாள் அரவான் களப்பலி ஆனதும் தாலியை அறுத்து, வளையலை உடைத்து, வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு ஒப்பாரி. முதல் வருடம் இதெல்லாம் நடிப்புத்தானே என்று நினைத்துத்தான் போனேன். வளையல் உடைந்த உடனே வந்த அழுகை நடிப்பு இல்லை. வீட்டில் சேர்க்காததில் ஆரம்பித்து எல்லாவற்றுக்கும் சேர்த்து அழுதேன். பக்கத்தில் ஒரு விவசாயி, வேண்டுதலுக்காகத் தாலி கட்டிக்கொண்டவர், தன் துண்டைக் கொடுத்தார். ஆமாம், அங்கே சுத்துப்பட்டு ஊர் ஆண்களும் வேண்டிக்கொண்டு தாலி கட்டிக்கொள்வார்கள், அதைப் பேப்பரில் போட மாட்டார்கள்.

ஆனால் ஒன்று சொல்கிறேன். எனக்குச் சாமி கதையில் இடம் கிடைத்துவிட்டது. விழுப்புரத்தில் வாடகைக்கு வீடு கிடைக்கவில்லை. கூவாகத்தில் கும்பிட்டுவிட்டுப் போனவர்களில் ஒருவர்தான் எனக்கு வீடு இல்லை என்று சொன்ன ஓனர். அதனால் உன் வேதத்தில் உனக்கு இடம் இருக்கிறதா என்று தேடு, வேண்டாம் என்று சொல்லவில்லை. கிடைத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் நம்பாதே.

எங்கள் ஜமாத்தில், அதாவது திருநங்கைகள் சேர்ந்து வாழும் எங்கள் குடும்பத்தில், நாங்கள் கும்பிடும் மாத்தா படத்துக்குப் பக்கத்திலேயே வேளாங்கண்ணி மாதா படமும் இருக்கும். குரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவார், குருவுக்குக் குருவான நானி வெள்ளிக்கிழமை தர்காவுக்குப் போவார். யாரும் யாரையும் கேட்டதில்லை.

---

ஈரோட்டுக்காரன்:

மன்னிக்கவும், எனக்குப் புரியவில்லை. உங்களைப் பிசாசு என்று சொல்லும் இடத்தில் போய் அனுமதி கேட்டு எதற்கு நிற்க வேண்டும்? நானும் உங்களைப் போலத்தான். கல்லூரியில் சேர்ந்தபோதே சாமி கும்பிடுவதை விட்டேன். ஞாயிற்றுக்கிழமை நன்றாகத் தூங்குகிறேன்.

---

கீபோர்டுக்காரன்:

அண்ணா, விட முடிந்திருந்தால் விட்டிருப்பேன். யாரும் கட்டாயப்படுத்தாமலேயே என் வாய் ஜெபம் பண்ணுகிறது. அதை நிறுத்தச் சொல்வதும் இன்னொரு விடுதலை ஜெபம் போலத்தான் இருக்கிறது.

---

ஈரோட்டுக்காரன்:

இது நியாயமான பதில். சரி, விலகிக்கொள்கிறேன். ஆனால் அந்த ஊழியக்காரர் வீட்டுக்கு மட்டும் போகாதீர்கள்.

---

குருப்பட்டம் வாங்காதவள்:

நான் இறையியல் படித்தவள். பி.டி. என்ற இறையியல் பட்டம் முடித்தேன், போதகராகும் குருப்பட்டத்துக்குப் போகவில்லை. என் துணைவியும் நானும் மதுரையில் இருக்கிறோம், ஞாயிறு ஆராதனைக்குச் சேர்ந்தே போகிறோம். "அக்கா தங்கச்சியா?" என்று கேட்பார்கள், நாங்கள் சிரிப்போம். அது கோழைத்தனம் என்று சிலர் சொல்லலாம். எங்களுக்கு அந்த ஆராதனை வேண்டியிருக்கிறது.

உங்கள் அம்மாவிடம் வேதத்தை வைத்துத்தான் பேச முடியும் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். உபாகமம் 23:1, விதையடிக்கப்பட்டவன் கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது என்கிறது. கதவு சாத்தியாகிவிட்டது. பிறகு ஏசாயா 56 வருகிறது. அண்ணகன் (அதாவது அந்த விதையடிக்கப்பட்டவன்) "இதோ, நான் பட்டமரம்" என்று சொல்ல வேண்டாம், குமாரர் குமாரத்திகளைவிட மேலான கீர்த்தியை என் ஆலயத்தில் அவனுக்குக் கொடுப்பேன் என்கிறார் கர்த்தர். அதே வேதப்புத்தகம், நேர் எதிரான பேச்சு. அப்புறம் அப்போஸ்தலர் 8. எத்தியோப்பிய ராணியின் பொக்கிஷத்துக்குத் தலைவனாக இருந்த அண்ணகன் ரதத்தில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்ததும் ஏசாயாதான். வழியில் தண்ணீரைப் பார்த்ததும் பிலிப்புவிடம் "நான் ஞானஸ்நானம் பெறுகிறதற்குத் தடையென்ன?" என்று கேட்கிறான். பிலிப்பு கமிட்டியைக் கூட்டவில்லை. இரண்டு பேரும் தண்ணீரில் இறங்குகிறார்கள்.

இவை தன்பாலீர்ப்பைப் பற்றிய வசனங்கள் என்று நான் இழுக்க மாட்டேன். அண்ணகர் வேறு, நாம் வேறு. யார் உள்ளே, யார் வெளியே என்பதில் வேதமே தன்னோடு வாதாடி, ஒவ்வொரு தடவையும் கதவை அகலமாகத் திறந்திருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன். அந்த ஊழியக்காரர் லேவியராகமம் 20:13ஐயும் ரோமர் 1ஐயும் எடுப்பார், சோதோமையும் எடுப்பார். சோதோமின் அக்கிரமம் என்ன என்று எசேக்கியேல் 16:49 பட்டியலே போடுகிறது: கர்வம், ஆகாரத்திரட்சி, சிறுமையும் எளிமையுமானவனுக்குக் கைகொடுக்காதது. ரோமர் முதல் அதிகாரத்தை வாசிப்பவர்கள் இரண்டாம் அதிகாரத்தின் முதல் வசனத்தையும் வாசிக்க வேண்டும், அது மற்றவனைத் தீர்ப்பு செய்கிறவனைப் பார்த்துச் சொல்லப்பட்டது.

பாவ அறிக்கை விஷயத்தில் நான் செய்வது இதுதான்: யாருக்குத் தீங்கு செய்தேன் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் நேசிப்பதால் யாருக்கும் தீங்கு இல்லை. நேசிக்கிறவளிடம் எரிந்து விழுந்தேனே, அது அறிக்கையில் வரும். திருவிருந்துக்கு நீங்கள் திடப்படுத்தல் (சபையில் முழு உறுப்பினராக்கும் சடங்கு) பெற்றவர். அதற்கு மேல் எந்த ஐயரும் உங்களிடம் கேட்க வேண்டியதில்லை.

சபை மாறுமா என்று கேட்டால், இன்றைக்கு சிஎஸ்ஐயில் நம் திருமணத்துக்கு ஓலை வாசிக்க மாட்டார்கள், அந்த நம்பிக்கை எதையும் தர மாட்டேன். ஆனால் பெண்ணுக்குக் குருப்பட்டமா என்று முகம் சுளித்த இதே சபைதான் 2013இல் நந்தியாலில் ஒரு பெண்ணைப் பேராயராக்கியது. 2023 டிசம்பர் 17 முதல் இங்கிலாந்துத் திருச்சபை தன்பால் இணையருக்கு வழக்கமான ஆராதனையில் ஆசீர்வாத ஜெபம் செய்ய அனுமதித்தது. மறுநாளே வத்திக்கானும், திருமணச் சடங்கு போலத் தோன்றாத வகையில் ஆசீர்வதிக்கலாம் என்று அறிவித்தது. நம் ஊருக்கு இதெல்லாம் எப்போது வரும் என்று நான் நாள் எண்ணுவதில்லை.

சட்டமும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 2021 ஜூன் 7 அன்று சென்னை உயர்நீதிமன்றத்தில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்ற முயல்வதற்குத் தடை விதித்தார். அந்த வழக்குக்காக அவரே ஓர் உளவியலாளரிடம் உட்கார்ந்து கற்றுக்கொண்டார், அம்மாவிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள். 2022இல் தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. இவை மருத்துவர்களுக்குத்தான், ஊழியக்காரரை நேராகக் கட்டுப்படுத்தாது. ஆனால் ஒருவரைப் பிடித்து அமுக்குவதும் அடைத்து வைப்பதும் யார் செய்தாலும் குற்றம்.

---

ரங்கராட்டினம்:

எனக்கு ஊர் ஸ்ரீரங்கம். வேறு பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. வைகுண்ட ஏகாதசிக்கு முந்தின பத்து நாள் பகல்பத்து. அதன் கடைசி நாள் எங்கள் கோயில் உற்சவர் நம்பெருமாள் மோகினி அலங்காரத்தில் எழுந்தருளுவார். பட்டுப் புடவை, ஜடை, கிளி. சின்ன வயதில் தாத்தா தோளில் உட்கார்ந்து அதைப் பார்த்தபோது, பெருமாளுக்கே இது தோன்றுகிறது என்றால் எனக்கும் பரவாயில்லை என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. நம்மாழ்வார் பராங்குச நாயகியாகவும் திருமங்கையாழ்வார் பரகால நாயகியாகவும் உருகும் பாசுரங்களை அதே தாத்தாதான் எனக்குச் சந்தை சொல்லிக் கொடுத்தார், அவர் சொல்லச் சொல்ல நான் திருப்பிச் சொல்வேன். அது நாயகி பாவம், தன்னைப் பெண்ணாகவும் பெருமாளைக் காதலனாகவும் பாடும் பக்தி மரபு. அதை எனக்கான சான்றிதழாகக் காட்ட மாட்டேன், ஆனால் அந்தப் பாசுரங்களில் எனக்கு மூச்சு விட இடம் இருந்தது.

கோயிலில் என்னை யாரும் எதுவும் கேட்டதில்லை. கூட்டத்தில் ஒருவன், அவ்வளவுதான். வம்பு வீட்டில்தான். ஹோமம் என்று உட்கார்ந்தால் சாஸ்திரிகள் "பத்னி எங்கே?" என்பார், சித்தப்பாக்கள் தரையைப் பார்ப்பார்கள். இந்துக் கோயில் நம்மை அப்படியே ஏற்றுக்கொள்கிறது என்று பெருமை பேசுகிறவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

---

கீபோர்டுக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. ஊருக்குப் போய் வந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை போகவில்லை. அதற்குப் பதிலாக நாம் இரண்டு பேரும் வீட்டிலேயே உபவாசம் இருப்போம் என்று அம்மாவிடம் சொன்னேன். "அவர் இல்லாம நம்ம ஜெபம் கேக்குமா?" என்றார். தாத்தா யாரை வைத்து ஜெபித்தார் என்று கேட்டேன். பதில் இல்லை.

ஏசாயா 56ஐ அம்மாவையே வாசிக்கச் சொன்னேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வரிக்கு வரி நகர்த்தி வாசித்தார். பட்டமரத்தில் நின்றுவிட்டார். "உனக்குப் பிறகு உன் பேரை யாருடே சொல்லுவா?" என்று கேட்டார். அதுதான் இத்தனை நாள் அவர் பயம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நரகம் கிரகம் எல்லாம் ஊழியக்காரர் சேர்த்தது. ஐந்தாம் வசனத்தையும் வாசி என்றேன். வாசித்தார், புத்தகத்தை மூடினார். "இது நம்ம ஐயருக்குத் தெரியுமா?" என்றார். தெரியும், ஆனால் இதை வைத்துப் பிரசங்கம் பண்ணி நான் கேட்டதில்லை என்றேன். சாயங்காலம் கஞ்சி குடிக்கும்போது, "டிசம்பர்ல பஜனைக்கு ஆர்மோனியத்துக்கு ஆள் இல்லையாம், வாரியா?" என்று கேட்டார். வருகிறேன் என்றேன்.

அம்மா ஒன்றும் மாறிவிடவில்லை. ஜெபக்குழு அக்கா மறுபடி வந்தால் என்ன ஆகும் என்று தெரியாது. திருவிருந்து பற்றியும் நான் இன்னும் முடிவு செய்யவில்லை. பாவ அறிக்கைக்கு மட்டும் மதுரை அக்கா சொன்ன வழியைப் பிடித்துக்கொண்டேன்.

---

விழுப்புரம் அக்கா:

பஜனைக்குப் போய் நன்றாக வாசி. அதற்கு முன்னால், ஜெபக்குழுவில் யார் யாரிடம் அம்மா சொல்லியிருக்கிறார் என்று கேட்டு வைத்துக்கொள். கிராமம் அது, தெரியாமல் போய் மாட்டாதே. பஜனை முடிந்த அன்றைக்கே கிளம்புவதற்கு டிக்கெட்டையும் எடுத்து வை, தேவைப்படாவிட்டால் கேன்சல் செய்துகொள்ளலாம். தனிமடலில் என் நம்பர் அனுப்பியிருக்கிறேன், அம்மாவிடம் கொடு. எங்கள் அம்மாவும் இப்போது என்னோடு பேசுகிறார், இரண்டு அம்மாக்களும் பேசிக்கொள்ளட்டும்.