இரண்டு பிராசசர் போட்ட கணினிக்கு என்ன பெயர்?

செந்தூல், கோலாலம்பூர். திங்கள் இரவு

அனைவருக்கும் வணக்கம்.

அவசரமாக ஒரு சொல் தேவைப்படுகிறது. சனிக்கிழமைகளில் எங்கள் குடியிருப்பு மண்டபத்தில் படிவம் நான்கு, ஐந்து பிள்ளைகளுக்குக் கணினி பழுதுபார்க்கும் வகுப்பு எடுக்கிறேன் என்பது நம் கலைச்சொல் குழுவில் பலருக்குத் தெரியும். இந்த மாதம் பழைய வொர்க்ஸ்டேஷன் ஒன்று நன்கொடையாக வந்தது. மூடியைக் கழற்றிப் பார்த்தால், தாய்ப்பலகையில் பிராசசர் உட்காரும் இடம் இரண்டு இருக்கிறது. ஒன்றில் இன்டெலின் ஸியான் இ5-2670 என்ற பிராசசர். மற்றது கறுப்பு மூடி போட்டபடி காலி. விடுவேனா? அதே எண்ணில் இன்னொன்றை இரண்டாங்கை சாமான் கடையில் வாங்கிவிட்டேன். வரும் சனிக்கிழமை பிள்ளைகளே மாட்டப் போகிறார்கள். கையேடு வெள்ளிக்கிழமை காலை அச்சுக்குப் போக வேண்டும்.

‘டூயல் பிராசசர்’ என்பதற்கு இப்போதைக்கு ‘இரட்டைச் செயலி’ என்று போட்டிருக்கிறேன். வகுப்பில் சொல்லிப் பார்த்தேன். ஒரே கைப்பேசியில் இரண்டு வாட்ஸ்அப் வைத்துக்கொள்வதைப் பற்றிப் பேசுகிறேன் என்று பிள்ளைகள் நினைத்துவிட்டார்கள்! செயலி என்றால் அவர்களுக்கு ஆப் தான். அதைவிடப் பெரிய குழப்பம் ஒன்றும் உண்டு. ஒரு மாணவி கேட்டாள்: “சார், இதுல ஏற்கெனவே எட்டு இருக்குன்னீங்க, அப்புறம் எதுக்கு இன்னொண்ணு?” அவள் எண்ணியது கோர், அதாவது சில்லுக்குள் வேலையைச் செய்யும் தனித்தனிப் பகுதி. நான் சொன்னது அந்த எட்டுக் கோரையும் வயிற்றில் வைத்திருக்கும் சில்லு. இரண்டாவதை மாட்டினால் சில்லு இரண்டு, கோர் பதினாறு, ஒரே நேரத்தில் ஓடக்கூடிய வேலை இழை (திரெட்) முப்பத்திரண்டு. இந்த வேறுபாடு சொல்லைக் கேட்டதுமே பிடிபட வேண்டும்.

உதவுங்கள்.

பட்டர்வொர்த். செவ்வாய் காலை

தம்பிக்கு வாழ்த்துகள்.

முதலில் ‘செயலி’யைக் கவனிப்போம். கொல்லி, உண்ணி என்பவற்றில் கொல், உண் என்னும் வினையடியோடு இகரம் சேர்ந்து செய்பவரைக் குறித்தது. செயல் என்பது வினையடி அன்று, தொழிற்பெயர். பெயரோடு இகரம் சேர்ந்தால் ‘உடையது’ என்றே பொருள் வரும். வில்லை உடையவன் வில்லி. அப்படியானால் செயலி என்பது செயலை உடையது, அவ்வளவுதான். எந்தச் செயலை உடையாய், யாருக்குச் செய்தாய் என்று அந்தச் சொல்லைக் கேட்டால் வாய் திறக்காது. அதனால்தான் நேற்று வந்த ஆப்பும் அந்தப் பெயரைத் தூக்கிக்கொண்டு ஓட முடிந்தது. பூட்டாத வீடு.

அடுத்தது ‘இரட்டை’. இங்கேதான் நாம் நின்று யோசிக்க வேண்டும். இரட்டைக்கிளவி பிரிந்து இசைக்காது என்பது தொல்காப்பியம். ‘சலசல’வில் ஒரு ‘சல’வைப் பிடுங்கினால் மற்றதற்கும் உயிர் இல்லை. அடுக்குத்தொடர் அப்படி அன்று. ‘பாம்பு பாம்பு’ என்பதில் ஒன்றை நீக்கினாலும் மற்றொன்று கடிக்கும். இப்போது தம்பி சொல்லட்டும்: ஒரு பிராசசரைக் கழற்றினால் கணினி ஓடுமா, ஓடாதா? ஓடும் என்றால் அது அடுக்கு. கோர்கள் ஒரே சில்லில் பிரிக்க முடியாமல் இருப்பதால் அவையே இரட்டை. ஆகவே டூயல் கோர் ‘இரட்டைக்கரு’, டூயல் பிராசசர் ‘அடுக்குச்செயலி’. பிராசசருக்கு ‘முறையாக்கி’ என்று வைத்தால் ‘அடுக்கு முறையாக்கி’. என் வாக்கு இரண்டாவதற்கே.

பாயான் லெப்பாஸ், பினாங்கு. செவ்வாய் மதியம்

ஐயா சொன்னதைப் படித்துச் சாப்பாட்டு வேளையில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். நல்ல விளக்கம்தான். ஆனால் அடுக்கு என்றதும் எனக்கு டிபன் கேரியர்தான் கண்ணில் வருகிறது. ஒன்றன்மேல் ஒன்றாகச் சில்லை அடுக்கும் தொழில்நுட்பம் உண்மையிலேயே வேறு இருக்கிறது. அதற்கு அந்தச் சொல்லை மிச்சம் வைப்போம்.

செந்தூல் தம்பி, உங்கள் இரண்டு சில்லையும் கையில் எடுத்து மேல்தகட்டைப் பாருங்கள். எஸ்ஆர் என்று தொடங்கும் குறியீடு இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா? அதே எண் போட்ட சில்லிலேயே முந்திய திருத்தம், பிந்திய திருத்தம் என்று உண்டு. கலந்து மாட்டாதீர்கள். அதன் அருகில் எந்த ஊரில் கட்டியது என்றும் பொறித்திருக்கும். 1972-இல் இன்டெல் இங்கே ஆலை தொடங்கியதிலிருந்து எத்தனையோ சில்லுகளில் ‘மலாய்’ என்ற எழுத்து உலகம் சுற்றியிருக்கிறது. நம் ஊர்ப் பெண்கள் எத்தனை பேரின் கண் அதில் போயிருக்கிறது என்று யாரும் பொறிக்கவில்லை. சரி, அது வேறு கதை.

செந்தூல். செவ்வாய் இரவு

அக்கா, பார்த்துவிட்டேன். இரண்டிலும் எஸ்ஆர்0கேஎக்ஸ். ஆனால் ஒன்றில் ‘மலாய்’, இன்னொன்றில் ‘கோஸ்ட்டா ரிக்கா’! ஓடுமா?

ஐயா, ஒரு பிராசசரோடு கணினி ஓடும். இத்தனை நாள் அப்படித்தான் ஓடியது. ஆனால் காலியாக இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள ராம் பள்ளங்கள் மட்டும் செத்துக் கிடக்கும். அவை அந்தப் பிராசசருக்குச் சொந்தம். அது வந்து உட்கார்ந்தால்தான் உயிர் வரும்.

பாயான் லெப்பாஸ். செவ்வாய் இரவு

தாராளமாக ஓடும். கட்டிய ஊர் முக்கியம் இல்லை, குறியீடுதான்.

பட்டர்வொர்த். புதன் காலை

பார்த்தீர்களா! ஒன்று மலாயாவில் பிறந்தது, இன்னொன்று கடல் கடந்து எங்கேயோ பிறந்தது. இவற்றை எப்படி ‘இரட்டை’ என்பது? ஒரே வயிறு வேண்டாமா? என் வாதத்துக்குச் சில்லே சாட்சி சொல்லிவிட்டது.

கிள்ளான். புதன் மதியம்

வணக்கம். நான் ‘இணைச்செயலி’யை முன்மொழிகிறேன். இணை என்றால் சோடி, ஒப்பு என்ற இரண்டு பொருளும் வரும். இரண்டு பிராசசரும் சமம், ஒன்று முதலாளி இன்னொன்று கூலி என்று இல்லை. மாலையில் விரிவாக எழுதுகிறேன்.

இன்னொன்று. மலாய்க்காரர்களைப் பாருங்கள். பிராசசருக்கு ‘பெம்புரோசெஸ்’ என்று வைத்துவிட்டு, வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். முன்னொட்டு மலாய், உடம்பு ஆங்கிலம், யாருக்கும் தூக்கம் கெடவில்லை. இருமொழிக்கு ‘டுவிபஹாசா’ என்கிறார்கள், ‘டுவி’யும் ‘பஹாசா’வும் வடமொழி. நாமோ ஓர் இகரத்துக்காக மூன்று நாளாகப் பஞ்சாயத்து வைத்துக்கொண்டிருக்கிறோம்.

பினாங்கு, கொம்தார் பக்கம். புதன் இரவு

இணைச்செயலி வேண்டாம் அண்ணே. பிராசசருக்குப் பக்கத்துணையாக இருந்து கணக்குப் போடுமே கோபிராசசர், அதற்கு அந்தப் பெயர் ஏற்கெனவே புழங்குகிறது. பேரலல் பிராசசிங்கும் ‘இணைச்செயலாக்கம்’. இன்டர்நெட்டும் இணையம். ஒரு சொல் எத்தனை பிள்ளையைத்தான் சுமக்கும்?

நான் கடை வைத்திருப்பவன், இலக்கணம் தெரியாது. வாடிக்கையாளர் என்னிடம் “ரெண்டு பிராசசர் போர்டு இருக்கா” என்றுதான் கேட்பார்கள். 1999-இல் ஏபிட் பிபி6 என்று ஒரு போர்டு வந்தது. விலை குறைந்த செலரான் பிராசசர் இரண்டைத் திருத்தாமல் அப்படியே மாட்டலாம். பையன்கள் அலைந்தார்கள். வாங்கிக்கொண்டு போய் விண்டோஸ் 98 போட்டுவிட்டு, வேகம் ஏறவில்லையே என்று திரும்பி வருவார்கள். 98-க்கு இரண்டாவது பிராசசர் இருப்பதே தெரியாது. விண்டோஸ் என்டி அல்லது லினக்ஸ் வேண்டும்.

அதனால் செந்தூல் அண்ணனுக்கு ஒரு வார்த்தை: பெயரை அப்புறம் வைக்கலாம், முதலில் அந்தக் கணினியில் எந்த விண்டோஸ் என்று பாருங்கள். ஹோம் பதிப்பு என்றால் ஒரு பிராசசரோடு நின்றுவிடும். புரோ பதிப்பு வேண்டும். பவர் சப்ளையிலிருந்து இரண்டாவது எட்டு முனைக் கேபிள் வருகிறதா என்றும் பாருங்கள். பிராசசர் ஒவ்வொன்றும் 115 வாட். அப்புறம், ஒரே இழையில் ஓடும் புரோகிராமுக்கு இதனால் ஒரு பயனும் இல்லை என்று பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் விளையாட்டு வேகமாகவில்லை என்று உங்களைத்தான் திட்டுவார்கள்.

பட்டர்வொர்த். வியாழன் காலை

கடைக்காரத் தம்பி இலக்கணம் தெரியாது என்று சொல்லிவிட்டு நல்ல இலக்கணம் பேசியிருக்கிறார். ‘ரெண்டு பிராசசர் போர்டு’ என்பதில் எண் தனியாக, பொருள் தனியாக நிற்கிறது பாருங்கள். அதையே செந்தமிழாக்கினால் ‘இருசெயலி’. செயலியை நான் ஏற்கவில்லை என்றாலும், அச்சுக்கு நேரமில்லை என்பதால் விட்டுக்கொடுக்கிறேன். உயிரெழுத்து வந்தால் ‘ஈர்’ ஆகும். டூயல் கோருக்கு ‘ஈரகம்’ என்று வைக்கலாம்.

கிள்ளான். வியாழன் காலை

ஈரகமா? நீர் புகுந்த கணினி என்று வாரண்டி கேட்டு வருவார்கள் ஐயா.

பாயான் லெப்பாஸ். வியாழன் மதியம்

இருசெயலிக்கு என் வாக்கும். டூயல் கோருக்கு ஐயாவின் இரட்டைக்கருவே இருக்கட்டும். பிரிக்க முடிந்தது ‘இரு’, பிரிக்க முடியாதது ‘இரட்டை’. பிள்ளைகளுக்கு இந்த ஒரு கோடு போதும்.

செந்தூல். ஞாயிறு மாலை

எல்லாருக்கும் நன்றி. நேற்று மாட்டியாயிற்று. இந்த வகைப் பிராசசரில் கால்கள் கிடையாது, கம்பிகள் எல்லாம் தாய்ப்பலகையின் பள்ளத்திலேதான். கறுப்பு மூடியை எடுத்ததும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பொன்னிற ஊசிகள், நாற்று நட்ட வயல் போலச் சாய்ந்து நின்றன. ஒரு மாணவியின் சட்டைக் கை அதன்மேல் போக இருந்தது, எனக்கு மூச்சே நின்றுவிட்டது. முக்கோணக் குறியைப் பார்த்துச் சில்லை மேலிருந்து மெதுவாக இறக்கிவைத்தாள். நெம்புகோலை அழுத்தும்போது வந்த கறுக் சத்தத்தில் உடைத்துவிட்டோம் என்று பயந்தாள். உடையவில்லை. டாஸ்க் மேனேஜரில் ‘சாக்கெட் 2’ என்று காட்டியதும் கைதட்டல்.

நான்கு பேர் ‘இருசெயலி’ என்றார்கள், அதையே கையேட்டில் போட்டேன். கிள்ளான் நண்பர் தம் கட்டுரைகளில் இணைச்செயலி என்றே எழுதப் போவதாகத் தனி மடலில் சொல்லியிருக்கிறார். சாக்கெட்டுக்குச் சொல் கிடைக்கவில்லை, ‘பள்ளம்’ என்று எழுதிச் சமாளித்தேன்.

பட்டர்வொர்த். ஞாயிறு இரவு

கையேடு கிடைத்தது, மகிழ்ச்சி. 14-ஆம் பக்கத்தில் ‘இருச்செயலி’ என்று ஒற்று மிகுந்திருக்கிறது. இருதிணை, இருபொருள், இருகரை: எங்கே மிகுந்தது? எட்டும் பத்தும் அல்லவா மிகும், எட்டுத்தொகை, பத்துப்பாட்டு என்று. அட்டையிலும் அதே பிழை. எத்தனை படி அச்சடித்தீர்கள்?

செந்தூல். ஞாயிறு இரவு

அறுபது, ஐயா.