ஒரே மருந்து அடிச்சும் எனக்கு மட்டும் ஏன் இப்படி ஆச்சு?

கேள்வி: போன வாரம் நானும் அண்ணனும் ஒண்ணா குளோர்பைரிபாஸ் பூச்சி மருந்து அடிச்சோம், அவன் ஜம்முனு இருக்கான், எனக்கு சாயங்காலமே தலைவலி, எச்சில் ஊறிக்கிட்டே இருந்துச்சு, கண்ணு மங்கல். டாக்டர்கிட்ட போய் இப்ப சரியாயிடுச்சு. ஒரே வயித்துல பொறந்தவங்க, ஜீன்ல வித்தியாசம் இருக்குமா?

பதில் 1: இருக்கும்ங்க. அந்த மருந்து உள்ள போனதும் கல்லீரல் அதை ஆக்ஸான்னு இன்னும் வீரியமான வடிவமா மாத்துது, அதுதான் மூளையிலயும் நரம்புலயும் அசிட்டைல்கோலினஸ்டரேஸ்ங்கிற என்சைமை முடக்குது, அது உடைக்க வேண்டிய அசிட்டைல்கோலின்ங்கிற நரம்பு சிக்னல் ரசாயனம் தேங்கிப்போய்தான் எச்சில், கண்மங்கல் எல்லாம். ஆக்ஸானை ரத்தத்துலயே உடைக்கிற என்சைம் பிஓஎன்1. அந்த என்சைம் அமினோ அமிலங்களைக் கோர்த்த சங்கிலி, அதுல 192வது இடத்துல சிலருக்கு குளூட்டமின்ங்கிற அமினோ அமிலம், சிலருக்கு ஆர்ஜினின். ஆர்ஜினின்காரங்களுக்கு இந்த ஆக்ஸான் வேகமா உடையும். அண்ணன் தம்பிக்கு அந்த ஜீனோட வேற வேற காப்பி வந்திருக்கலாம்.

பதில் 2: எல்லாத்தையும் ஜீன் தலையில கட்டாதீங்க. ஒரே வடிவம் இருக்கிறவங்ககிட்டயே அந்த என்சைம் அளவு பல மடங்கு ஏறி இறங்கும். முதல்ல சொல்லுங்க, காத்துக்கு எதிரா நின்னது யாரு? டேங்க் மூடி ஒழுகுச்சா?

கேள்வி கேட்டவர்: ஹிஹி, ஒழுகுச்சு. முதுகு முழுக்க நனைஞ்சுது, அப்படியே அடிச்சு முடிச்சுட்டுதான் குளிச்சேன்.

பதில் 2: அப்ப அதான்பா, தோல் வழியாவே ஏறும்! ஜீன் டெஸ்ட்டுக்கு காசு செலவு பண்ணாம, சீசனுக்கு முன்னாடி ஒரு தடவை கோலினஸ்டரேஸ் (இந்த மருந்து முடக்குற என்சைம்) ரத்த டெஸ்ட் எடுத்து வைங்க, அடிச்சப்புறம் எவ்வளவு இறங்குதுன்னு அதோட ஒப்பிட்டாதான் தெரியும்.

பதில் 3: வீட்ல கைக்குழந்தை இருந்தா அந்தத் துணியோட தூக்காதீங்க, பிறந்த குழந்தைக்கு பிஓஎன்1 ரொம்பக் கம்மி.