‘பீரங்கிப் படகு இராஜதந்திரம்’ என்பதன் பொருளும் தோற்றமும்

கேள்வி – யாங்கோன் மாணவன்

பெரியோர்களுக்கு வணக்கம். ஒரு நாடு இன்னொரு நாட்டின் கரையோரம் போர்க்கப்பல்களைக் கொண்டுவந்து நிறுத்தும்போதெல்லாம் செய்திகளில் ‘பீரங்கிப் படகு இராஜதந்திரம்’ என்று எழுதுகிறார்கள். இது வெற்று மிரட்டலைக் குறிக்கிறதா, போரையே குறிக்கிறதா? நம் பர்மிய வரலாற்றில் இதற்கு எடுத்துக்காட்டு உண்டா?

மறுமொழி – மோல்மீன் ஆசிரியர்

தம்பி, இரண்டுமே இல்லை. கோரிக்கை ஒன்றை முன்வைத்து, அது மறுக்கப்பட்டால் என்ன நேரும் என்பதைத் துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களாலேயே உணர்த்தி, குண்டு வெடிக்காமலே இணங்க வைப்பதுதான் இதன் பொருள். வாய்ச்சவடாலுக்கு இப்பெயர் பொருந்தாது.

ஆழம் குறைந்த நீரிலும் செல்லக்கூடிய, சில பெரிய பீரங்கிகளை ஏந்திய சிறு போர்க்கலமே பீரங்கிப் படகு. நீராவி எந்திரம் வந்த பிறகு காற்றுக்குக் காத்திராமல் நீரோட்டத்தை எதிர்த்து ஆற்றில் ஏறவும் முடிந்ததால், கடலிலிருந்து விலகியிருந்த ஊர்களும் அச்சுறுத்தலுக்கு உள்ளாயின. முதலாம் ஆங்கிலேய–பர்மியப் போரிலேயே (1824–26) ‘டயானா’ என்னும் நீராவிக் கலம் ஐராவதி ஆற்றில் இயங்கியது. 1853இல் நான்கு கப்பல்களுடன் ஜப்பானுக்குச் சென்ற அமெரிக்கத் தளபதி பெரி, மறு ஆண்டே போரின்றி உடன்படிக்கை பெற்றதைத் தெளிவான எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். நடைமுறை 19ஆம் நூற்றாண்டில் வேரூன்றியது. இச்சொற்றொடர் அதன் பின்னரே பரவியது.

மறுமொழி – பெகு வாசகி

ஆசிரியர் ஐயா கூறியதுடன் இரங்கூனில் (இன்றைய யாங்கோன்) நடந்ததையும் சேர்க்க வேண்டும். ஆங்கிலேயக் கப்பல் தலைவர்கள் இருவரிடம் இரங்கூன் ஆளுநர் பணம் பறித்தார் என்ற புகாருக்காக, பிரிட்டிஷ் இந்தியாவின் தலைமை ஆளுநர் டல்ஹௌசி பிரபு 1851 நவம்பரில் லாம்பர்ட் என்ற கடற்படை அதிகாரியை அனுப்பினார். கேட்கப்பட்ட ஈடு ஆயிரம் பவுனுக்கும் குறைவு. பர்மிய மன்னர் பகான் ஆளுநரை மாற்றவும் இசைந்தார். ஆயினும், புதிய ஆளுநர் தாம் அனுப்பிய அதிகாரிகளைச் சந்திக்க மறுத்தார் என்று சினந்த லாம்பர்ட், 1852 ஜனவரியில் துறைமுகத்தை முற்றுகையிட்டு மன்னரின் கப்பலையே கைப்பற்றினார். அடுத்து டல்ஹௌசி கேட்ட தொகை பத்து லட்சம் ரூபாய். ஏப்ரலில் போர் மூண்டது; அவ்வாண்டு டிசம்பரில் பெகு மாநிலம் முழுவதும் ஆங்கிலேயர் வசமாயிற்று. எங்கள் ஊர் கைமாறிய இந்த வரலாற்றை, சிறிய பணத் தகராறு ஒன்றின் கதையாகச் சுருக்குவது எனக்கு ஏற்புடையதன்று.

மறுமொழி – யாங்கோன் மாணவன்

நன்றி, அம்மா. அப்படியானால் 1885இல் பர்மியத் தலைநகர் மண்டலே வீழ்ந்ததையும் இத்தொடரால் குறிக்கலாமா?

மறுமொழி – மோல்மீன் ஆசிரியர்

கூடாது என்பதே என் கருத்து. அவ்வாண்டு அக்டோபரில் தீபா மன்னருக்கு விடுத்த இறுதி எச்சரிக்கை, பர்மாவின் வெளியுறவையே பிரிட்டிஷ் இந்தியாவிடம் ஒப்படைக்கச் சொன்னது. கெடு முடிந்ததும் ஐராவதி வழியே ஏறிய படை நவம்பர் இறுதியில் மண்டலேயைப் பிடித்து மன்னரை நாடு கடத்தியது. அது படையெடுப்பு. லாம்பர்ட் மன்னரின் கப்பலைக் கைப்பற்றும் வரை நடந்தவற்றுக்கே இத்தொடர் சரியாகப் பொருந்தும்.