மாதிரிப் படகுக்கு விலை குறைந்த ரிசீவர் – ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். சேலம் மூக்கனேரியில் ஓட்டுவதற்காக, நானும் அக்கா மகனும் இரண்டடி நீளத்தில் ஒரு மாதிரிப் படகு கட்டி வருகிறோம். கைவசம் ஃப்ளைஸ்கை எஃப்எஸ்-ஐ6 டிரான்ஸ்மிட்டர் (கையில் பிடித்து இயக்கும் ரிமோட்) இருப்பதால், அதன் ஏஎஃப்எச்டிஎஸ் 2ஏ என்னும் ரேடியோ முறையில் இணையும் ரிசீவர்தான் படகில் வைக்க வேண்டும். சுக்கானுக்கு ஒன்று, மோட்டாருக்கு ஒன்று என இரண்டு சேனல் போதும். ஏ8எஸ் என்ற ரிசீவர் மிகச் சிறியதுதான். ஆனால் சர்வோவை (சுக்கானைத் திருப்பும் சிறு மோட்டார்) நேரடியாகச் செருக அதில் வழியில்லை என்பதால் விட்டுவிட்டேன். நான் பார்த்தவற்றில் மிஞ்சுபவை ஐஏ6, ஐஏ6பி என்ற இரண்டு ரிசீவர்களும்தான்.

2.4 கிகாஹெர்ட்ஸ் அலை தண்ணீருக்குள் ஊடுருவாது என்பதால், ஆன்டெனாவை மேல்தளத்தில் நிறுத்திய பிளாஸ்டிக் குழாய் வழியாக உயர்த்தப் போகிறேன். ஆயினும் ஏரியின் நடுவே மரம் அடர்ந்த மண்திட்டுகள் இருக்கின்றன. அவற்றின் பின்னால் படகு மறைந்து சிக்னல் அறுந்தால், மோட்டார் தானாக நின்றாக வேண்டும். (நீந்திப் போய் எடுக்கும் வயது எனக்கு இல்லை.)

படகில் பயன்படுத்தியவர்களிடம் கேட்கிறேன்: ஐஏ6பி-க்குக் கூடுதலாகக் கொடுக்கும் பணத்துக்குப் பலன் உண்டா? மோட்டாரை முன்னும் பின்னும் ஓட்டும் இஎஸ்சி-க்கு (வேகக் கட்டுப்பாட்டுக் கருவி) ஃபெயில்சேஃபை, அதாவது சிக்னல் அறுந்தால் ரிசீவர் தானாக எடுக்கும் நிலையை, நடுநிலையில் அமைத்தால் நம்பலாமா? ஈரம் படாமலிருக்க ரிசீவரைப் பலூனுக்குள் கட்டி வைப்பது நல்லதா, சர்க்யூட்டின் மீது வார்னிஷ் பூசுவது நல்லதா? சேலத்திலேயே வாங்க இயலும் கடை தெரிந்தால் அதையும் தெரிவியுங்கள்.